மலை இறங்குவதற்கு முன்



இந்த இலக்கியத் தொடரில் கவிதை பற்றியும் சிறுகதை பற்றியும் பேசியவர்கள் பலர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது மலையைப் பற்றியது. மலை சரிவதைப் பற்றியும், சரிந்த மண்ணுக்கும் கல்லுக்கும் அடியிலிருந்து மனிதரை மீட்பதைப் பற்றியும் சொல்லப்போகிறேன். இது இலக்கியத்துக்குப் புறம்பான விடயம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மக்கள் கூட்டம் தன் தலைமேல் நிற்கும் ஆபத்துக்கு என்னென்ன சொற்களை வைத்திருக்கிறது, அந்தச் சொற்களைக் கேட்பவர் யார் என்பது மொழியோடு தொடர்புடைய கேள்விதானே!

பத்திரிகைகள் 'மண்சரிவு' என்று எழுதுகின்றன. எங்கள் தோட்டங்களில் பெரியவர்கள் 'மலை எறங்கிருச்சு' என்பார்கள். முந்தியது ஒரு சம்பவத்தின் பெயர். பிந்தியது, மேலே இருந்த ஒன்று நம்மை நோக்கி நடந்து வந்ததைச் சொல்கிறது. லயத்தில் வாழ்கிறவனுக்கு மலை தூரத்துக் காட்சியல்ல. அது அவனுடைய காம்பராவின் பின்சுவர்.

நான் றக்வானப் பக்கத்தவன். இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கிழக்கில், மாதம்பையிலிருந்து தெனியாய நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். ஊரைத் தாண்டியதும் சாலை புலுதொட்டக் கணவாயில் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறி, சூரியகந்தப் பக்கம் போய்ச் சேரும். ஒரு பக்கம் சிங்கராஜ வனத்தின் கிழக்கு விளிம்பு. மறுபக்கம் கீழே எம்பிலிப்பிட்டியவின் வெயில் நிலம். இந்த இரண்டுக்கும் நடுவில் றக்வான மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. மழை மேகம் முட்டி நிற்கும் இடம் அது. அந்த மலைகளின் இடுப்பிலும் மடியிலும்தான் தேயிலையும் இறப்பரும், அவற்றின் நடுவே லயங்களும் இருக்கின்றன.

கல் ஏன் உருள்கிறது? மழை பெய்தது, மண் கரைந்தது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். உள்ளே நடப்பது அதைவிட மெதுவானது. எங்கள் மலைகளின் பாறை உலகின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று. வெயிலும் மழையும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதைத் தின்று வந்திருக்கின்றன. பாறை எங்கும் ஒரே சீராக உக்குவதில்லை. அதில் இயல்பாகவே வெடிப்புகள் உண்டு. அந்த வெடிப்புகளின் வழியே நீர் இறங்கி, ஓரங்களை முதலில் மண்ணாக்கிவிடுகிறது. நடுவிலுள்ள கடினமான பகுதி உருண்டைக் கல்லாக அந்த மண்ணுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. தேயிலை மலைகளில் வீடளவு கற்கள் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல இருக்கும். அவை அங்கேயே பிறந்தவை. அவற்றைத் தாங்குவது அடியிலுள்ள மண் ஒன்றே. மழைநீர் அந்த மண்ணை அரித்துவிட்டால், அல்லது சாலைக்காகவோ வீட்டுக்காகவோ நாம் அடிவாரத்தை வெட்டிவிட்டால், அந்தக் கல் நிற்பதற்கு வேறு காரணம் இல்லை.

மண் இறங்குவது இன்னொரு வகை. காய்ந்த மண்ணில் மணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும். அடைமழையில் இடைவெளிகள் எல்லாம் நீரால் நிறைந்துவிட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். நீரின் கனமும் சேர்ந்துகொள்ளும். ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஓர் ஏக்கர் நிலத்தில் மாத்திரம் 600 தொன்னுக்கு மேல் தண்ணீர் விழுகிறது. அது கான்களில் ஓடி ஆற்றுக்குப் போனால் நல்லது. கான் தூர்ந்து கிடந்தால் மலைக்குள் இறங்கும். அக்காலத் துரைமார் தேயிலை மலையில் வரிசை வரிசையாகக் கான் வெட்டச் சொன்னது மண் அரிப்பைத் தடுக்கத்தான். ஆனால் அந்தக் கான்களே மலைக்குள் இறங்கும் தண்ணீரையும் குறைத்தன. கான் துப்புரவு செய்ய ஆள் போடாத தோட்டத்தில் தேயிலையோடு லயத்துக்கும் ஆபத்து வருகிறது.

சப்ரகமுவவில் இது புதிதல்ல. 1993 அக்டோபரில் இரத்தினபுரிக்கு அருகே ஹெலஉடவில் மலை இறங்கி 31 உயிர்களைக் கொண்டுபோனது. 2003 மே 17ஆம் திகதி பெய்த பெருமழையில் எலபாத்தப் பக்கம் மலைச்சரிவுகள் குடும்பங்களைப் புதைத்தன. அந்த அனர்த்தத்தில் நாடெங்கும் இறந்தவர்கள் இருநூறுக்கும் மேல். 2016 மே 17ஆம் திகதி, பின்னர் ரோனு என்று பெயர் பெற்ற சூறாவளியின் முன்மழையில், கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை இறங்கியது. சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்களை அது மூடியது. இறந்தவர்களும் காணாமற் போனவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர். அதே நாளில், அதே மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயத்தின்மேல் மண் விழுந்து 16 பேர் மடிந்தார்கள். 2017 மே மாத இறுதியில் மறுபடி இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை, காலி மாவட்டங்களில் வெள்ளமும் சரிவும் சேர்ந்து வந்தன. அப்போதும் இழப்பு இருநூறைத் தாண்டியது.

2025 நவம்பர் 22ஆம் திகதி கொழும்பு–கண்டி நெடுஞ்சாலையில், கேகாலை மாவட்டத்துக்குள் அடங்கும் பஹல கடுகண்ணாவவில், கல்லும் மண்ணுமாக மலையோரம் பெயர்ந்து சாலையோரக் கட்டடம் ஒன்றின்மேல் விழுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள், அதே மாத இறுதியில் வந்த டித்வா சூறாவளி மலைநாட்டின் நூற்றுக்கணக்கான இடங்களில் மலையை இறக்கியது. வெள்ளத்திலும் சரிவிலுமாக நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். அரநாயக்கவில் புதைந்தவர்கள் சிங்களக் கிராமத்தவர்கள். களுபஹனவில் புதைந்தவர்கள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். ஒரே மழை, ஒரே நாள். மலை இறங்கும்போது யார் எந்த மொழி பேசுகிறார் என்று கேட்பதில்லை. ஆனால் இறங்குவதற்கு முன் விலகிப்போக யாருக்கு இடமிருந்தது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மீட்பைப் பற்றிப் பேசுவோம். தொலைக்காட்சியில் நாம் காண்பது இராணுவத்தையும் மண்வெட்டி இயந்திரத்தையும் ஹெலிகொப்டரையும். அவர்கள் செய்வது அரிய பணி. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மண்ணுக்குள் உயிரோடு இருப்பவனுக்கு நேரம் மிகக் குறைவு. இடிந்த கட்டடத்துக்குள் காற்று நிற்க இடமிருக்கும். சேற்றுக்குள் அது அநேகமாக இருப்பதில்லை. கூரைத் தகடோ கதவு நிலையோ கட்டிலோ ஒரு சிறு வெளியை உண்டாக்கியிருந்தால்தான் உண்டு. ஆகவே உயிரோடு மீட்கப்படுபவர்களில் பெரும்பாலோரை மீட்பவர் அடுத்த லயத்துக்காரர். அவர் கையில் இருப்பது கான் வெட்டும் மண்வெட்டி. அதுவும் இல்லாவிட்டால் வெறும் கை.

கேரளத்தின் மூணாறுக்கு மேலே பெட்டிமுடி என்ற தேயிலைத் தோட்டக் குடியிருப்பு இருக்கிறது. அங்கு வேலை செய்தவர்கள் தமிழர்கள். பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பக்கத்தை வேராகக் கொண்டவர்கள். அங்கும் லயம்தான். அவர்களும் அதை லயம் என்றே சொல்வார்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் திகதி இரவு மலை இறங்கி அந்த லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. தொலைபேசித் தொடர்பு அறுந்து கிடந்ததால் செய்தி வெளியுலகுக்குப் போய்ச் சேர மறுநாள் விடிய வேண்டியிருந்தது. பெரியவாரைப் பாலம் வெள்ளத்தில் போயிருந்தபடியால் இயந்திரங்கள் வந்துசேரத் தாமதமாயிற்று. அந்த இரவு முழுவதும் இருட்டிலும் மழையிலும் இருந்தவர்கள் தப்பிய அயலவர்கள் மாத்திரமே. பல நாட்களுக்குப் பின், தான் விளையாடிய குழந்தையின் உடலை ஆற்றோரத்தில் ஒரு நாய் மோப்பம் பிடித்துக் காட்டிக்கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த எவரும் மறந்திருக்க முடியாது.

அயலவன்தான் முதல் மீட்பாளன் என்றால், அவனுக்கு நாம் என்ன கற்றுக்கொடுத்திருக்கிறோம்? இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மண் ஒருமுறை விழுந்த இடத்தில் மறுமுறையும் விழும். ஆகவே எல்லோரும் ஓடிப்போய்த் தோண்டும்போது ஒருவர் மாத்திரம் தோண்டாமல் மேலே மலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இடையிடையே எல்லோரும் வேலையை நிறுத்தி, பேச்சையும் அழுகையையும்கூட அடக்கி, புதைந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காது கொடுக்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் வழிகாட்டலில் இயங்கும் மீட்புக் குழுக்களுக்கு இதற்கென ஊதல் ஒலிகளே உண்டு. ஒரு நீண்ட ஒலி என்றால் வேலையை நிறுத்தி அமைதி காக்க வேண்டும். மூன்று குறுகிய ஒலிகள் என்றால் உடனே வெளியேற வேண்டும். ஒரு நீண்ட ஒலியும் ஒரு குறுகிய ஒலியும் சேர்ந்து வந்தால் வேலையைத் தொடரலாம். உலகில் எந்த மொழிக்காரனும் விளங்கிக்கொள்ளும் இலக்கணம் இது.

எங்கள் தோட்டங்களுக்கு ஒலியால் ஊரைக் கூட்டுவது புதிதா? அந்தக் காலத்தில் விடியுமுன் தப்பு அடித்துத்தான் பெரட்டுக்கு ஆள் எழுப்பினார்கள். பிறகு கொம்பு வந்தது, சங்கு வந்தது. கோவில் மணி இன்றும் இருக்கிறது. வேலைக்கு எழுப்பப் பயன்பட்ட தப்பை உயிர்காக்க எழுப்பவும் பயன்படுத்தலாம். மின்சாரமும் கைத்தொலைபேசியும் அற்றுப்போகும் இரவில் அதுவே மிஞ்சும்.

இங்கிலாந்தின் வடபகுதியில் மரமற்ற கல்மலைகள் இருக்கின்றன. அங்கே மலையேறுவது ஒரு விளையாட்டு. 1946இல் கிரேட் கேபிள் என்ற மலையில் பெயர்பெற்ற மலையேறி ஒருவர் காயமுற்றுக் கிடந்தார். அவரைக் கீழே இறக்கப் பட்ட பாட்டின் பின், 1947இல் கெஸிக் என்ற சிறு நகரத்தவர்கள் தங்களுக்கென ஒரு மீட்புக் குழுவை அமைத்தார்கள். இன்று அப்படிப் பல குழுக்கள் அங்கே உண்டு. ஆட்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள், சம்பளம் இல்லை. பொலிஸார் அழைத்தால் எந்த வேலையில் இருந்தாலும் கிளம்பிவிடுவார்கள். கயிறும் தூக்குப் படுக்கையும் விளக்கும் தயாராக இருக்கும். அபாயத்தில் இருப்பவன் ஒரு நிமிடத்தில் ஆறுமுறை ஊத வேண்டும், பிறகு ஒரு நிமிடம் நிறுத்திக் கேட்க வேண்டும் என்பது அங்கு மலைக்குப் போகும் பிள்ளைக்கும் தெரியும்.

அவர்களிடம் கற்க வேண்டியது உண்டு. மலையை அறிந்த உள்ளூர்க்காரனே நல்ல மீட்பாளன் என்ற எண்ணம் அது. எங்கள் தோட்டத்து இளைஞனைவிட அந்த மலையின் குறுக்குப் பாதைகளை அறிந்தவர் யார்? வருத்தக்காரரைக் கம்பளியில் கிடத்தி மூங்கிலில் கட்டி மைல் கணக்கில் தூக்கிச் சென்ற பரம்பரை அல்லவா எங்களுடையது! ஒவ்வொரு டிவிஷனிலும் பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுத்து, கயிறும் விளக்கும் ஊதலும் தூக்குப் படுக்கையும் ஓர் அறையில் வைத்துப் பூட்டி, சாவி யாரிடம் என்று ஊருக்கெல்லாம் தெரியச் செய்வது பெருஞ்செலவு அல்ல.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. அந்த மலைகளில் விழுந்தவன் தானாக விரும்பி ஏறினவன். பொழுது சாய்ந்தால் வீடு திரும்பலாம். எங்களுக்கோ அந்த மலையே வீடு. ஏறாமல் இருந்திருக்கலாம் என்று எங்களிடம் சொல்ல முடியாது. ஆகவே எங்களுக்கு உண்மையான மீட்பு மண் விழுந்த பின் தொடங்குவதல்ல. அது மண் விழுவதற்கு முன்னரே நடந்து முடிந்திருக்க வேண்டியது.

அப்படியானால் மலை முன்கூட்டிச் சொல்கிறதா? சொல்கிறது. என் அம்மாயி எழுதப் படிக்கத் தெரியாதவர். அடைமழை நாட்களில் அவர் செய்யும் முதல் வேலை பீலிக்கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்ப்பது. 'பீலித் தண்ணி கலங்கி வருதுடா தம்பி' என்றால் அன்றிரவு யாரும் ஆழ்ந்து தூங்கமாட்டார்கள். 'பீலி நின்னுபோச்சு' என்றால் பிள்ளைகளையும் கம்பளிகளையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம். மழை கொட்டும்போது தண்ணீர் நிற்குமானால் மேலே எங்கோ மண் பெயர்ந்து வழியை அடைத்துவிட்டது என்று பொருள். 'கதவு பிடிக்குது', 'தரை வெடிச்சிருக்கு', 'இல்லாத எடத்துல ஊத்துக் கிளம்பிருச்சு', 'சவுக்கு சாஞ்சு நிக்குது' என்பதெல்லாம் அந்த அகராதியின் மற்றச் சொற்கள்.

பின்னாளில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுறுத்தல்களைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்பட்டது. நிலத்தில் வெடிப்பு, சுவரில் கீறல், கதவு யன்னல் இறுகுதல், மரங்களும் தூண்களும் சாய்தல், புதிய நீரூற்று, ஊற்று கலங்குதல் அல்லது திடீரென வற்றுதல் என்று அதே குறிகள் அங்கே இருந்தன. அம்மாயி பேசியதும் விஞ்ஞானி எழுதியதும் ஒரே விடயம். அந்த நிறுவனம் 1984இல் தொடங்கப்பட்டது. 1990களில் மலைநாட்டு மாவட்டங்களின் சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கத் தொடங்கியது. மழையின் அளவைக் கொண்டு மூன்று நிற எச்சரிக்கைகளை அது விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருங்கள் என்று பொருள். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், வெளியேறத் தயாராகுங்கள் என்று பொருள். 150ஐத் தாண்டினால் சிவப்பு. உடனே வெளியேற வேண்டும்.

இந்த எண்கள் லயத்துக்குத் தூரமானவை அல்ல. நேர்ச்சுவருள்ள ஒரு தகரப் பேணியை மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வைத்தால் போதும். மூன்று அங்குலம் நிறைந்தால் மஞ்சள். நான்கு என்றால் செம்மஞ்சள். ஆறு அங்குலம் என்றால் சிவப்பு. இன்னுமொன்று: தேயிலைத் தோட்டங்களின் காரியாலயங்களில் மழைமானி வைத்து நாளாந்தம் மழையை அளந்து எழுதுவது வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து வரும் வழக்கம். கொழுந்துக்காகவும் உரத்துக்காகவும் அளக்கப்பட்ட மழை அது. அதே எண்ணை மாலையில் லயத்துக் கரும்பலகையில் எழுதிவைத்தால் அது உயிருக்காகவும் அளக்கப்பட்ட மழையாகும். ஆபத்து நேர்ந்தால் இடர் முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம் என்பதையும் அதன் கீழே எழுதலாம்.

ஆனால் குறியும் தெரிந்து, எண்ணும் தெரிந்த பிறகும் மக்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள்? இந்தக் கேள்விக்கு நம் காலத்தின் கொடிய விடை பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்த, மீரியபெத்தவில் இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் அங்கே மலை இறங்கி லய வரிசைகளை இருந்த இடம் தெரியாமல் மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிப்போகப் பெற்றோரும் இல்லை, வீடும் இல்லை. காணாமற் போனவர்களின் தொகை முதல் நாட்களில் மாறிமாறி வந்துகொண்டிருந்தது. ஒரு லயத்தில் எத்தனை பேர் படுத்து எழுந்தார்கள் என்பதை உறுதியாகச் சொல்ல ஒரு பட்டியல் இல்லை. தோட்டத்துச் செக்ரோலில் வேலைக்காரன் பெயர் இருக்கும். வேலையிலிருந்து நின்ற கிழவியின் பெயரும் தொட்டில் குழந்தையின் பெயரும் அதில் எப்படி இருக்கும்?

அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. புதிய வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டது 2016 அக்டோபரில். பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள். முதல் எச்சரிக்கைக்கும் அந்த வீடுகளுக்கும் இடையே பதினொரு ஆண்டுகள். அதற்கு நடுவில் ஓர் ஊர் மண்ணுக்குள் போயிருந்தது.

'போகச் சொன்னோம், போகவில்லை' என்று சொல்வது எளிது. எங்கே போவது? கிராமத்தவனுக்குப் பெரும்பாலும் ஒரு துண்டுக் காணியாவது உண்டு, உறவினரின் தோட்டம் உண்டு. லயத்துக்காரன் நிற்கும் நிலம் தோட்டத்துடையது, காம்பராவும் தோட்டத்துடையது. அவன் பெயரில் உறுதி இல்லை. வேலை இருக்கும்வரை கூரை. கூரையை விட்டுப் போனால் வேலைக்கும் பங்கம் வருமோ என்ற அச்சம். இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் தங்கலாம், மூன்றாம் நாள் மழை விட்டால் அதே காம்பராவுக்குத்தான் திரும்ப வேண்டும். இன்று மலைநாட்டில் புதிதாய் வீடு கட்டுவதற்குக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை தேவைப்படுகிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் லயங்கள் அந்த நிறுவனம் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியவை. அவை கட்டப்பட்டபோது, கொழுந்து மலைக்கு அருகில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மலை நிற்குமா என்று பார்த்ததற்குச் சான்று இல்லை.

இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டுகிறவர்கள், கல் கிடைக்கும் சரளை மண் படையை 'இல்லம்' என்று சொல்வார்கள். சிங்களத்திலிருந்து வந்த வழக்கு அது. அந்த இல்லம் எப்படி உண்டானது? யுகக் கணக்கில் எங்கள் மலைகள் உக்கி, சரிந்து, ஆறுகளால் அள்ளுண்டு பள்ளத்தாக்கில் படிந்ததால் உண்டானது. மலை இறங்கியதால்தான் அந்த ஊருக்கு இரத்தினபுரி என்று பெயர். தமிழில் இல்லம் என்றால் வீடு. மலை இறங்கியதில் கீழே மாணிக்க இல்லம் கிடைத்தவர்கள் உண்டு. மேலே மலையில் இருநூறு வருடங்களாக உழைத்தவர்களுக்கு ஓர் இல்லம், அதாவது ஏழு பேர்ச் காணியில் உறுதியோடு ஒரு வீடு, இன்னும் பலருக்குக் கிடைக்கவில்லை.

செய்ய முடியாத காரியமா இது? ஹொங்கொங் எங்கள் மலைகளைப்போலவே செங்குத்தான, மழை மிகுந்த நிலம். 1972 ஜூன் 18ஆம் திகதி அங்கே இரண்டு சரிவுகளில் 138 பேர் இறந்தார்கள். 1976இல் முன்பு விழுந்த பகுதியிலேயே மறுபடி மண் விழுந்து 18 பேர் இறந்தார்கள். அதன்பின் 1977இல் சரிவுகளைக் கண்காணிக்க ஒரு தனி அலுவலகத்தை அமைத்தார்கள். மனிதர் வெட்டி உண்டாக்கிய சரிவுகள் ஏறத்தாழ 60,000 இன்று அங்கே பதிவில் உள்ளன. வீட்டுக்கு இலக்கம் இருப்பதுபோல ஒவ்வொரு சரிவுக்கும் இலக்கத் தகடு உண்டு. அதைப் பராமரிக்க வேண்டியவர் யார் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. மரண எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அங்கே மழை குறையவில்லை. மலைக்குப் பொறுப்பாளி யார் என்பது தெளிவானது, அவ்வளவுதான். எங்கள் மலைகளில் கேட்டுப்பாருங்கள். கொழுந்துக்குப் பொறுப்பாளி உண்டு. சாலைக்கு உண்டு. லயத்தின் பின்னால் நிற்கும் அந்தக் கல்லுக்குப் பொறுப்பாளி யார்?

நேயர்களே, நான் படித்தவரையில் எங்கள் மலையக எழுத்தில் மலை பெரும்பாலும் வேலைக்களமாக வருகிறது. பனியும் அட்டையும் கூடைப் பாரமும் கங்காணியின் அதட்டலும் நிறைய உண்டு. இறங்கும் மலை குறைவாகவே வருகிறது. அது வரவேண்டும். ஒப்பாரியாக மாத்திரம் வந்தால் போதாது. ஒப்பாரியில் எங்கள் பெண்கள் எப்போதோ தேர்ந்துவிட்டார்கள். பீலி கலங்கியதைப் பார்த்த கிழவியின் சொல் எந்த மேசைவரை போனது, எந்த மேசையில் நின்றுவிட்டது என்பதை எழுத வேண்டும். ஓர் ஊர் புதைந்த பின் அதன் கணக்கு ஏன் தெரியவில்லை என்பதை எழுத வேண்டும். தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் நினைத்தால் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கொண்டு லயம் லயமாகப் போய் ஒவ்வொரு காம்பராவிலும் இருப்பவர்களின் பெயரை எழுதிவிடலாம். கிழவியின் பெயர், தொட்டில் குழந்தையின் பெயர், நடக்க முடியாதவரின் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு பிரதி கோவிலில், ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று கிராம சேவகரிடம் இருக்கட்டும். கூப்பிட்டுக் கேட்கும் அந்த மௌன நேரத்தில் கூப்பிட ஒரு பெயராவது தெரிந்திருக்க வேண்டுமல்லவா!

அடுத்த பருவமழை வழக்கம்போல் வரும். மலை வழக்கம்போல் தன் குறிகளைக் காட்டும். எங்கள் மக்களும் வழக்கம்போல் அவற்றைப் படித்துவிடுவார்கள். அவர்கள் படித்ததைக் கேட்டு, இங்கே வாருங்கள், இது உங்கள் நிலம் என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அந்தக் குரல் எழும்வரை மீட்புப் பணி முடிந்துவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.